சரிகிற சாம்ராஜ்யமும் கிளம்புகிற வெறியும்

அமெரிக்கா சாய்கிறது என்று நம்மவர்களில் சிலர் கைதட்டத் தொடங்கியிருக்கிறார்கள். வியட்நாமில் அடிபட்டு ஓடிய வல்லரசு. 1971 டிசம்பரில் வங்காள விரிகுடாவை நோக்கி என்டர்பிரைஸ் கப்பலை ஏவி நம்மை மிரட்டிய வல்லரசு. பஞ்ச காலத்தில் கோதுமைக் கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டு இந்தியாவின் வாயை அடைக்கப் பார்த்த வல்லரசு. அது இன்று தன் நட்பு நாடுகளோடேயே மல்லுக்கு நிற்பதைக் கண்டால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? வரட்டும். ஆனால் அந்த மகிழ்ச்சி மயக்கத்தில் இவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். டிரம்ப் வந்ததே நல்லது, ஏகாதிபத்தியத்துக்கு அவரே குழி தோண்டுகிறார், தோண்டி முடிக்கட்டும், நாம் வேடிக்கை பார்ப்போம் என்கிறார்கள்.

இந்த வேடிக்கை வாதத்தைத்தான் நாம் எதிர்க்கிறோம். 1930-களில் ஜெர்மனியிலும் இப்படிப்பட்ட மேதாவிகள் இருந்தார்கள். இட்லர் வந்து போகட்டும், அடுத்த முறை எங்களுடையது என்றார்கள். அடுத்து அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் சிறைமுகாம்.

சரிவு பொய் என்று நாம் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலகத் தொழில் உற்பத்தியில் ஏறத்தாழ பாதி அந்த ஒரு நாட்டின் கையில் இருந்தது. இன்று ஏறத்தாழ 30 விழுக்காட்டோடு முதலிடத்தில் இருப்பது சீனா. டாலருக்கு ஈடாகத் தங்கம் தருவோம் என்ற வாக்கை 1971 ஆகஸ்ட் 15 அன்று நிக்சன் காற்றில் விட்டார். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2021 ஆகஸ்ட் 15 அன்று, காபூல் தாலிபான் கைக்குப் போனது. நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. 2024-இல் 58 அளவுக்கு இறங்கிவிட்டது. எல்லாம் மெய். ஆனால் யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். 2024-இல் உலகம் முழுவதும் படைக்குச் செலவான பணத்தில் 37 விழுக்காடு அமெரிக்கா ஒன்றே செலவழித்தது. அப்படிப்பட்ட யானை விழும்போது யார் மேல் விழும் என்று கேட்காமல் கைதட்டுவது அறியாமை அல்லவா?

அந்த யானை முதலில் விழுந்தது தன் சொந்தப் பாகன் மேலேயே. ஒகையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஓர் எஃகு நகரம். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. அங்கே ஒரு பெரிய ஆலையை மூடுவதாக முதலாளிகள் அறிவித்தார்கள். ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போயிற்று. கறுப்புத் திங்கள் என்று அந்த ஊர் அந்த நாளை இன்றும் சொல்கிறது. அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூடின. அமெரிக்கா முழுவதிலும் 1979-இல் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ 1 கோடியே 95 லட்சம் பேர். இன்று 1 கோடியே 30 லட்சம் பேர்கூட இல்லை. எந்திரம் தின்றது கொஞ்சம். கூலி மலிந்த நாடு தேடி முதலாளி ஓடியது கொஞ்சம். 1994-இல் மெக்சிகோவோடு தடையற்ற வணிக ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது தொழிலாளர் நண்பன் என்று பேர் வாங்கிய ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் ஆட்சி. 2008-இல் சூதாடித் தோற்ற வங்கிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர் ஒதுக்கியபோது இரண்டு கட்சிகளும் சேர்ந்தே கை தூக்கின. வீடிழந்தவனைத் தூக்கி நிறுத்த அந்தக் கைகள் நீளவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் டிரம்ப் நுழைந்தார். 2017 ஜூலையில் அதே யங்ஸ்டவுனுக்கு வந்து, வீடுகளை விற்றுவிடாதீர்கள், வேலைகளெல்லாம் திரும்பி வருகின்றன என்று மேடையில் முழங்கினார். வேலை வந்ததா? பக்கத்து லார்ட்ஸ்டவுனில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 2019 மார்ச்சில் கடைசிக் காரை வெளியே விட்டு நின்றுபோனது. திரும்பி வந்தது ஒன்றே ஒன்று: கம்பெனிகள் கட்டவேண்டிய வருமான வரி 35 விழுக்காட்டிலிருந்து 21-க்கு இறங்கி, அந்தப் பணம் முதலாளி பைக்குத் திரும்பியது. இவ்வளவுக்கும் பிறகு, 2020 தேர்தலில், யங்ஸ்டவுனைத் தலைநகராகக் கொண்ட அந்த மகோனிங் வட்டாரம் டிரம்புக்கே வாக்களித்தது! 1972-இல் நிக்சனுக்குப் பிறகு ஒரு குடியரசுக் கட்சிக்காரர் அங்கே வென்றது அதுதான் முதல் தடவை.

ஏமாந்த முட்டாள்கள் என்று இவர்களைத் திட்டுவது எளிது. படித்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். வேலையைத் தர முடியாதவன் எதிரியைத் தருகிறான் என்பதே இங்கே விளங்க வேண்டிய சூட்சுமம். ஆலையை மூடியவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவன் நியூயார்க்கில் இருக்கிறான். மெக்சிகோக்காரன் எதிர்த் தெருவில் இருக்கிறான்.

பம்பாய்த் தமிழனுக்கு இந்தக் கதையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1966-இல் சிவசேனை பிறந்தபோது வேலை இல்லாத மராட்டிய இளைஞனுக்குக் காட்டப்பட்ட எதிரி யார்? டாட்டாவா, பிர்லாவா? இட்லிக் கடைக்காரனும் தட்டச்சுக் குமாஸ்தாவும்தான். அலுவலகங்களில் இருந்த தென்னாட்டார் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டார்கள். 1970 ஜூனில் ஆலைப் பகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார். அந்த இடைத்தேர்தலில்தான் சேனை தன் முதல் சட்டமன்ற இடத்தைப் பிடித்தது. லுங்கிக்காரனை விரட்டினால் மராட்டியனுக்கு வாழ்வு வரும் என்றார்களே, வந்ததா? 1982-இல் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கித் தோற்கடிக்கப்பட்டார்கள். ஆலைகள் மூடின. நிலத்துக்கு விலை ஏறிற்று. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பளபளக்கும் வணிக மாளிகை நிற்கிறது. மராட்டியத் தொழிலாளியின் பேரன் அதன் வாசலில் காவல்காரனாக நிற்கலாம், அவ்வளவே.

சரி, டிரம்ப் உள்ளூரில் எப்படியோ போகட்டும், வெளியே பிடி தளர்கிறதே என்று வாதிப்போருக்கு பிரேசிலைக் காட்டுகிறோம். அங்கே தேர்தலில் தோற்ற பொல்சனாரோ, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த குற்றத்துக்காகக் கூண்டில் நின்றார். அந்த வழக்கை நிறுத்தச் சொல்லி, 2025 ஜூலையில் டிரம்ப் பிரேசில் சரக்குக்கு 50 விழுக்காடு வரி அறிவித்தார். வணிகத்தில் நட்டமா? இல்லை. பிரேசிலோடு அமெரிக்காவுக்கு உபரிதான். அதே ஆண்டு அக்டோபரில், தேர்தலுக்கு முன் தள்ளாடிக்கொண்டிருந்த அர்ஜென்டினாவின் மிலேக்கு 2,000 கோடி டாலர் கைமாற்று. அவர் கட்சி தோற்றால் தாராளம் கிடையாது என்ற எச்சரிக்கையும் கூடவே. தளர்ந்த பிடி என்பது இதுவா? தன் நாட்டு வெறிக்கு உலகமெங்கும் உறவுக்காரன் தேடும் கை இது.

அந்தக் கையைத் தடுத்தது யார் என்பதையும் பாருங்கள். பீஜிங்கும் அல்ல, மாஸ்கோவும் அல்ல. பிரேசிலின் சொந்த நீதிமன்றம் மிரட்டலுக்கு மசியாமல் செப்டம்பரில் பொல்சனாரோவுக்கு 27 ஆண்டு 3 மாதம் தண்டனை விதித்தது. நவம்பரில் அமெரிக்கா தானே இறங்கி வந்து பிரேசில் காப்பிக்கும் மாட்டிறைச்சிக்கும் அந்தக் கூடுதல் வரியை எடுத்தது. காப்பி விலை ஏறினால் அமெரிக்க வாக்காளனும் முணுமுணுக்கத்தானே செய்வான்!

நம் நாட்டு ஆட்சியாளரோ வேறு வகை. 2019-இல் ஹூஸ்டனில் டிரம்பின் கையைக் கோத்துக்கொண்டு வலம் வந்தார்கள். 2020 பிப்ரவரியில் அவர் அகமதாபாத் வந்தபோது, வழியில் இருந்த குடிசைகள் விருந்தாளி கண்ணில் படாமல் சுவர் எழுப்பினார்கள். கிடைத்த பலன்? 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி. திருப்பூர்ப் பின்னலாடை அடி வாங்கியது; அதைத் தைப்பவர்களில் பலர் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கூலிகள். அந்த வரி பிறகு எவ்வளவு நாள் நின்றது என்பதல்ல கேள்வி. ஒரே சித்தாந்தம் பேசுகிற நண்பன் என்று நம்பியவனை அந்த நண்பன் எப்படி நடத்தினான் என்பதே கேள்வி. ஹூஸ்டனில் கைதட்டிய படித்த கூட்டத்துக்கும் 2025 செப்டம்பரில் பரிசு வந்தது: புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்.

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்கப் படை விமானம் ஒன்று 104 இந்தியரை அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கியது. கையில் விலங்கு, காலில் சங்கிலி. கொலம்பியா போன்ற சின்ன நாடுகூட சில நாட்களுக்கு முன் அப்படிப்பட்ட விமானத்தை ஏற்க மறுத்துக் குரலாவது எழுப்பியது. நம் வெளியுறவு அமைச்சர் மறுநாள் மாநிலங்களவையில் எழுந்து, இது புதிதல்ல, 2012 முதலே இருக்கும் நடைமுறை என்று விளக்கம் தந்தார். ஏன் வாய் எழவில்லை? அதே 2025-இல், டில்லியிலும் பம்பாயிலும் வங்காளம் பேசிய குற்றத்துக்காக மேற்கு வங்கத் தொழிலாளர்களைப் பிடித்து, வங்கதேச எல்லைக்கு அப்பால் தள்ளிக்கொண்டிருந்தது இந்த நாட்டு நிர்வாகம். அவர்களில் சிலர் இந்தியக் குடிமக்களே என்று தெரிந்து, திரும்ப அழைத்துவர நேர்ந்தது. தானே செய்கிற காரியத்தை அடுத்தவன் செய்யும்போது எந்த முகத்தோடு கண்டிப்பது?

அந்த வங்காளிகள் நம் வீட்டுக்கு அடுத்த சந்தில் குடியிருப்பவர்கள். கட்டட வேலையில் நம் ஆட்களோடு ஒரே சாரத்தில் நிற்பவர்கள். அவர்களுக்காக இந்த நகரத்துத் தமிழ்ச் சங்கங்களில் எத்தனை தீர்மானம் நிறைவேற்றின? பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிப்பதில் காட்டும் சுறுசுறுப்பில் பாதியை இதில் காட்டியிருந்தால், காவல் நிலைய வாசலில் அவர்கள் தனியாக நின்றிருக்க மாட்டார்கள். அடுத்த செயற்குழுவில் முதல் பொருளாக இதை எடுக்கவேண்டும் என்று உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.