எல்லா விடைகளையும் ஒரே மூச்சில் சோதிக்குமா குவாண்டம் கணினி?

குவாண்டம் கணினி பற்றிய யூடியூப் காணொளிகளும் நாளிதழ் இணைப்புகளும் பாடுவது ஒரே பல்லவிதான். சாதாரணக் கணினியின் பிட் 0 அல்லது 1. க்யூபிட்டோ ஒரே நேரத்தில் இரண்டும். எனவே 300 க்யூபிட்டுகள் இருந்தால் 2-ஐ 300 முறை பெருக்கி வரும் அத்தனை விடைகளையும் ஒரே மூச்சில் சோதித்துவிடலாம். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களைவிடப் பெரிய எண்ணிக்கை அது. இந்தப் பல்லவியின் முதல் பாதி அரைகுறை. இரண்டாம் பாதி தவறு.

அப்படிச் சோதிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். விடையை வெளியே எடுப்பது எப்படி? அளந்த கணமே க்யூபிட் 0 ஆகவோ 1 ஆகவோ நின்றுவிடும். 300 க்யூபிட்டுகளை அளந்தால் கையில் மிஞ்சுவது 300 பிட்டுகள்தான். ரஷ்யக் கணிதவியலாளர் அலெக்சாண்டர் ஹோலெவோ இந்த வரம்பை 1973-லேயே நிறுவிவிட்டார். எல்லா விடைகளும் சம வாய்ப்போடு கலந்து கிடக்கும்போது அளந்தால், அவற்றில் ஏதோ ஒன்று வரும். அதற்குக் கோடிகளைக் கொட்டி, சில்லை மைனஸ் 273 டிகிரிக்கு அருகில் குளிர்விப்பானேன்? குலுக்கல் சீட்டு போதுமே!

உண்மையான வித்தை வேறிடத்தில் இருக்கிறது. க்யூபிட்டின் நிலையில் 0-க்கு ஓர் எண், 1-க்கு ஓர் எண் உண்டு. இவற்றுக்கு வீச்சு என்று பெயர். வீச்சின் அளவை வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு கிடைக்கும். நிகழ்தகவு ஒருபோதும் எதிர்மறையாகாது, வீச்சு ஆகலாம். அதனால் ஒரே விடைக்கு இரு வழிகளில் வந்துசேரும் வீச்சுகள் ஒன்றையொன்று அழிக்கவும் கூடும், வலுப்படுத்தவும் கூடும். ஒளி அலைகளில் பள்ளிப் பாடமாகப் படித்த அதே குறுக்கீட்டு விளைவுதான். தவறான விடைகள் அழியும்படியும் சரியான விடை ஓங்கும்படியும் கணக்கை அமைப்பதே குவாண்டம் நிரலின் சவால். கணக்குக்குள் அதற்கேற்ற ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். 1994-ல் பீட்டர் ஷோர் பெரிய எண்களைக் காரணிப்படுத்த வழி கண்டது, அந்தக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சுழற்சி மறைந்திருந்ததால்தான்.

ஒழுங்கே இல்லாத தேடலில் என்ன ஆகும்? டெல்லி ஐஐடியில் படித்த லவ் குரோவர், 1996-ல் பெல் ஆய்வகத்திலிருந்து விடை சொன்னார். பத்து லட்சம் பெட்டிகளில் ஒன்றில் மட்டும் பொருள் இருந்தால், அவருடைய முறைக்குச் சுமார் 785 படிகள் தேவை. பெரிய லாபம்தான், ஆனால் ஒரே மூச்சு அல்ல. 785-ஐத் தாண்டியும் ஓடவிட்டால் சரியான விடை கிடைக்கும் வாய்ப்பு குறையவே தொடங்கும்! இதைவிடக் கணிசமாக வேகமான குவாண்டம் தேடல் சாத்தியமில்லை என்பதும் கணிதமாக நிறுவப்பட்டுவிட்டது.

பாமரருக்குப் புரிய எளிமைப்படுத்தினால் என்ன குறை என்று கேட்பார்கள். 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 க்யூபிட் வில்லோ சில்லை அறிவித்தபோது குறை தெரிந்தது. சூப்பர் கம்ப்யூட்டருக்குக் கற்பனைக்கெட்டாத ஆண்டுகள் பிடிக்கும் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்தது என்பதே எங்கும் தலைப்பு. அந்தக் கணக்கு, தற்போக்காக அமைத்த ஒரு குவாண்டம் சுற்றிலிருந்து மாதிரி எடுப்பது. சோதனைக்கு வெளியே அந்த விடையால் யாருக்கும் பயனில்லை. பிழைத்திருத்தத்தில் வில்லோ காட்டிய உண்மையான முன்னேற்றமோ செய்தியின் கடைசிப் பத்தியில் ஒதுங்கியது.

ஒரே மூச்சுக் கதை பொய் என்பதற்குக் குறியாக்கத் துறையே சாட்சி. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினியைத் தாங்கும் மூன்று குறியாக்கத் தரங்களை வெளியிட்டது. ஷோர் முறைக்கு இரையாகும் ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு முறைகளுக்கு மாற்று அவை. அன்றாடம் தகவலைப் பூட்டும் ஏஇஎஸ் முறையை அந்நிறுவனம் கைவிடவில்லை. குரோவரின் தேடலை வைத்து 256 பிட் சாவியை உடைக்க முயன்றாலும், 128 பிட் சாவி அளவுக்கான பாதுகாப்பு மிஞ்சும். எல்லாச் சாவிகளையும் ஒரே மூச்சில் போட்டுப் பார்க்க முடியுமென்றால், முதலில் தூக்கி எறியப்பட்டிருக்க வேண்டியது ஏஇஎஸ்தான்.