அட்டைப்படமும் ஒரு டிராயிங்தான்

நம் சங்கத்தின் சார்பில் விஞ்ஞானச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று வெளிவரவிருப்பது அன்பர்கள் அறிந்ததே. கொல்கத்தாவில் வாழும் தமிழர்கள் எழுதிய பதினான்கு கதைகள். கதைகள் தேர்வாகிவிட்டன, அச்சகமும் முடிவாகிவிட்டது. அட்டைப்படம் மட்டும்தான் பாக்கி. "அதற்கென்ன ஸார், கம்ப்யூட்டரிடம் நாலு வரி சொன்னால் அரை நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடும்" என்கிறார்கள் செயற்குழு நண்பர்கள். செலவு மிச்சம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

படம் பற்றிப் பேச டிப்ளமா படித்த ரயில்வேக்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். விஞ்ஞானக் கதை அட்டைகளின் வரலாற்றில் டிராயிங் போர்டுக்காரர்களுக்குப் பெரிய இடம் உண்டு என்பதே என் பதில். 1926 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹ்யூகோ ஜெர்ன்ஸ்பேக் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையைத் தொடங்கியபோது அட்டை வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். ஆஸ்திரியாவில் பிறந்தவர், கட்டடக் கலை பயின்றவர். அவர் வரைந்த மனிதர்கள் கொஞ்சம் மரப்பாச்சி போலத்தான் நிற்பார்கள். ஆனால் இயந்திரங்களைப் பாருங்கள்! எது எதைத் தாங்குகிறது, எது எங்கே திரும்பும் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

அவருக்குப் பின் புகழ்பெற்ற செஸ்லி போன்ஸ்டலும் கட்டடக் கலையிலிருந்து வந்தவரே. நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டட வேலையில் பங்கு கொண்டவர். சனிக் கிரகத்தின் துணைக்கோளான டைட்டனில் நின்று பார்த்தால் சனி எப்படித் தெரியும் என்று அவர் தீட்டிய ஓவியம் 1944-ல் 'லைஃப்' பத்திரிகையில் வெளிவந்தது. இதற்குக் கற்பனை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். டைட்டனிலிருந்து சனி சுமார் 12 லட்சம் கிலோமீட்டர் தூரம். அதன் விட்டம் சுமார் 1,20,000 கிலோமீட்டர், அதாவது தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. நம் நிலாவின் விட்டமோ, அது நம்மிடமிருந்து இருக்கும் தூரத்தில் 110-ல் ஒரு பங்குதான். ஆகவே நாம் காணும் நிலாவைப்போல் பதினோரு மடங்கு அகலமாகச் சனி அங்கே தெரிய வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் யாராவது போட்டால்தானே!

போன்ஸ்டல் அந்த வானத்துக்கு நீல நிறம் தீட்டினார். 1980-ல் வாயேஜர் 1 விண்கலம் அருகில் சென்று பார்த்தபோது, டைட்டனைச் சுற்றிலும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் மண்டியிருந்தது. தரையில் நின்றால் சனி கண்ணுக்கே தெரியாது. அதனால் அந்த ஓவியம் மதிப்பிழந்துவிடவில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து ஒழுங்காக யோசித்தவர் பிற்பாடு தவறினால் அது குற்றமாகாது. யோசிக்காமலே போடும் படத்தைத்தான் நான் குறை சொல்கிறேன். பிறைச்சந்திரனின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் மின்னுவதை எத்தனை அட்டைகளில் பார்த்திருக்கிறோம்! சந்திரனை ஊடுருவி நட்சத்திரம் எப்படி ஐயா தெரியும்?

நாம் பிழைக்க வந்த இந்த ஊரிலேயே இதற்கு ஓர் ஆசான் இருந்தார். சத்யஜித் ராய் சினிமாவுக்கு வருமுன் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டை வரைந்தவர். ஜிம் கார்பெட்டின் குமாவுன் புலி வேட்டை நூல் வங்காளியில் வந்தபோது அட்டை முழுவதையும் புலித்தோலாக்கினார். முன்னட்டையில் குண்டு நுழைந்த சிறு துளை. பின்னட்டையில் அது வெளியேறிய பெரிய துளை. குண்டு வெளியே வரும்போது காயம் பெரிதாகும் என்று அறிந்தவர் போட்ட படம் அது. 1961-ல் 'சந்தேஷ்' பத்திரிகையில் புரொபசர் ஷோங்குவின் விஞ்ஞானக் கதைகளை எழுதத் தொடங்கியபோதும் அவற்றுக்குத் தாமே படம் வரைந்தார்.

தொகுப்பு நூலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பதினான்கு கதைகளில் ஒன்றை மட்டும் படமாக்கினால் மற்றப் பதின்மூன்று பேருக்கு மனத்தாங்கல். எல்லாவற்றையும் திணித்தால் சந்தைக்கடை. எல்லாக் கதைகளுக்கும் அடியில் ஓடும் ஒரு சரடைப் பிடிக்க வேண்டும். அதற்கு வரைபவர் பதினான்கையும் படித்திருக்க வேண்டும். நம் தொகுப்பில் பாதிக்கு மேற்பட்ட கதைகளில் யாராவது ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள், அல்லது ஊருக்குத் திரும்ப முடியாமல் தவிக்கிறார்கள். கிரகம்தான் வேறு. இதைக் கவனித்தவர் வரையும் அட்டையில் வழக்கமான ராக்கெட்டும் ரோபோவும் வரவே வராது.

டிராயிங் ஆபீசில் நாங்கள் தயாரித்த ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கையெழுத்து. ஒரு போல்ட் ஏன் அங்கே இருக்கிறது என்று பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு. கம்ப்யூட்டர் தரும் படம் அழகாகவே இருக்கலாம். இந்த ஜன்னல் ஏன் இங்கே என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

ஆகவே என் யோசனை இதுதான். நம் குடும்பங்களில் நன்றாகப் படம் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டு விழாக் கண்காட்சியில் பார்க்கிறோமே! அவர்களில் ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். சும்மா வாங்காதீர்கள், அச்சகத்துக்குக் கொடுப்பது போல இதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். தலைப்புக்கு மேலே இடம் விடவும், கருநீலப் பின்னணியில் பொடி எழுத்துப் போட்டால் மை பரவி அடைத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். உள்பக்கத்தில் பெயரைப் போடுங்கள்.

"அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராதே" என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். உண்மைதான். இங்கே பிறந்து வங்காளியும் ஹிந்தியும் இங்கிலீஷும் படித்த குழந்தைகள். அப்படியானால் பெரியவர் யாராவது உட்கார்ந்து வாசித்துச் சொல்லட்டும். தினம் ஒரு கதை வீதம் பதினான்கு நாள் ஆகும். அச்சகத்தில் அதற்கு அவகாசம் கேட்டுப் பெறலாம். வாசிக்க வேறு ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?