ஒண்டுக்குடித்தனமும் மின் சிக்கனமும்

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுக என்று ஏழைக்கு அறிவுரை கூறுவது எளிது. அவ்வறிவுரையை அண்டை வீட்டாரின் செலவோடு ஒப்பிட்டுக் கைப்பேசி வழியே அனுப்பும் முறை இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. பிறரைப் பார்த்து நடப்பது மனித இயல்பு. ஆதலின் அதனால் பயன் உண்டு. அமெரிக்காவில் சான் மார்கோஸ் என்னும் ஊரில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சராசரிக்கு மேல் செலவழித்தோர் குறைத்துக்கொண்டனர். குறைவாகச் செலவழித்தவர்களோ கூட்டிவிட்டனர்! தாளில் சிரித்த முகம் ஒன்றையும் வரைந்து பாராட்டப்பட்ட வீடுகளிலோ அக்கேடு நேரவில்லை.

ஆயினும் நம் ஊர் ஒண்டுக்குடித்தனங்களுக்கு இது அப்படியே பொருந்துமா? ஒரே வாயில், ஒரே மின் இணைப்பு, நான்கைந்து குடும்பங்கள். 2016-இல் தமிழக அரசு வீட்டு இணைப்புகளுக்கு இரு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. சலுகை இணைப்புக்கு உரியது. இணைப்போ வீட்டுக்காரர் பெயரில். குடியிருப்போர் சப்-மீட்டர் காட்டும் எண்ணுக்கு அவர் வகுத்த விலையைத் தருகின்றனர். சில வீடுகளில் அந்த மீட்டரும் இல்லை. விளக்குக்கு இவ்வளவு, விசிறிக்கு இவ்வளவு என்பதே கணக்கு. அளந்து காட்டாத ஒன்றைச் சேமிப்பது எங்ஙனம்?

விசிறியையே எடுத்துக்கொள்வோம். பழைய 75 வாட் விசிறி நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழன்றால் இரு திங்களில் ஏறத்தாழ 67 யூனிட் ஆகும். 28 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 25 யூனிட் போதும். ஆனால் அதன் விலை கூடுதல். மாற்ற வேண்டியவர் வீட்டுக்காரர். பயன் பெறுபவர் குடியிருப்பவர். அடுத்த ஆண்டு வீடு மாறக்கூடியவர் அதனை ஏன் வாங்குவார்? இம்முடிச்சை எந்தக் குறுஞ்செய்தியும் அவிழ்க்காது. விசிறியை நிறுத்திப் பிள்ளைகளைப் புழுக்கத்தில் படிக்க வைப்பதைச் சிக்கனம் என நாம் கொள்ளோம்.

எனவே செய்தி முதலில் செல்ல வேண்டியது வாடகை வாங்குவோரின் கைப்பேசிக்கே. தெருவுக்கொரு வாட்ஸ்அப் குழு அமைத்து, எவ்வீட்டில் குடும்பத்துக்கொரு மீட்டர் உண்டு, எவர் விசிறிகளை மாற்றினர் என்பதை அதில் இடலாம். அண்டை வீட்டாரைப் பார்க்கும் கண் வீட்டுக்காரருக்கும் உண்டன்றோ! குடியிருப்போரின் எண்களை ஒப்பிடுவது அதன் பின்னரே முறை. அதுவும் அவர்கள் இசைந்தால் மட்டுமே.

வாடகைக்கு வீடு விட்டிருக்கும் பெரியோரும் இம்மலரைப் படிப்பர். அடுத்த வாடகை வாங்கும் நாளில், குடியிருப்போரிடம் மின்கட்டணச் சீட்டையும் காட்டுமாறு அவர்களை வேண்டுகிறோம்.