ஏழைக்கு உணர்வில்லாத கை போதுமா?

மூளையின் கட்டளையால் இயங்கும் செயற்கைக் கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்து முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மூளைக்குள் மெல்லிய மின்துடிப்பு கொடுத்து அந்தக் கைக்குத் தொடு உணர்வைத் திருப்பித் தரும் ஆராய்ச்சி வெளிநாட்டுப் பணக்காரர்களின் விளையாட்டு என்கிறார் கட்டுரையாளர். பெரம்பலூரிலும் அரியலூரிலும் கை இழந்தவனுக்குப் பொருளைப் பிடிக்க ஒரு கொக்கி கிடைத்தால் போதும், உணர்வெல்லாம் ஆடம்பரம் என்கிறார். பார்த்துப் பிடிக்கக் கண் இருக்கிறது, மிஞ்சிப்போனால் எச்சரிக்கை ஒலி எழுப்பும் ஒரு பஸ்ஸர் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனையும் சொல்கிறார். தெரியாமல் எழுதியது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதை ஏழைகளின் பெயரால் எழுதியிருக்கிறார். பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கண் போதும் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இயன் வாட்டர்மன் என்ற ஆங்கிலேயர் 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வையும், கைகால் எங்கே இருக்கிறது என்று அறியும் உணர்வையும் இழந்தார். தசைகளுக்கு எந்தக் கேடும் இல்லை, கண்ணும் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் உட்காரவும் நிற்கவும் கரண்டி பிடிக்கவும் புதிதாகக் கற்க அவர் மாதக்கணக்கில் பாடுபட்டார். ஒவ்வோர் அசைவையும் பார்த்துப் பார்த்தே செய்ய வேண்டியிருந்தது. விளக்கு அணைந்தால் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார். ஸ்வீடனில் ரோலண்ட் ஜொஹான்சன் என்ற ஆய்வாளர் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்து தீக்குச்சி உரச வைத்துப் பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது. குச்சி விரலுக்குள் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. டம்ளர் நழுவத் தொடங்கும்போது விரல் தோல் அதை உணர்ந்து, நாம் நினைப்பதற்கு முன்பே, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிடியை இறுக்கிவிடுகிறது. கண் பார்த்துச் சொல்லி அது நடப்பதற்குள் டம்ளர் தரையில் கிடக்கும்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் எந்தப் பருத்திக் காட்டிலும் போய் நின்று பாருங்கள். இடக்கை கிளையை வளைக்கும். வலக்கையின் மூன்று விரல்கள் சுளையைக் கவ்வி, காய்ந்த ஓட்டின் முனை குத்தாமல், ஒரே இழுப்பில் எடுத்து மடியில் போடும். கண் அதற்குள் அடுத்த காய்க்குப் போயிருக்கும். அந்தப் பெண்ணிடம் உணர்வில்லாத கொக்கியைக் கொடுத்து, கண்ணால் பார்த்துப் பறித்துக்கொள் என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வரும்?

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு வீட்டில், முகாமில் கொடுத்த செயற்கைக் கை ஆணியில் தொங்குகிறது. மக்காச்சோளம் அடிக்கும் மெஷினில் வலக்கையை இழந்தவர் அவர். மாட்டிக்கொள்வதில்லையா என்று கேட்டேன். “கல்யாணம் காட்சின்னா மாட்டுவேன் தம்பி. வேலைக்கு ஆகாது. என்னத்தப் புடிச்சிருக்கேன்னு அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல” என்றார். உணர்வு ஆடம்பரமா இல்லையா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை எந்த ஆய்வுக்கூடமும் தராது.

உணர்வு போனால் கை என்னவாகும் என்பதை உலகத்துக்குக் கண்டு சொன்னதே நம் மண்தான். பெரம்பலூர்க்காரர்களுக்குப் பச்சைமலை தெரியும். அங்கும் கொல்லிமலையிலும் முதுமை வரை ஏறி இறங்கி மக்களுக்குத் தொண்டு செய்தவர் ஈவ்லின் பிராண்ட். அவருடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பாமல் அவர் திணறியபோது, தொழுநோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. பார்த்தால் விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது. பையனுக்கு எதுவும் தெரியவில்லை. இரவில் சிலருடைய விரல்கள் குறைந்துபோவதைக் காவலிருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரியவந்தது. தூங்குகிறவருக்கு வலி இல்லாததால் விழிப்பே வரவில்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். விரல்களை அழித்தது பெரும்பாலும் உணர்வின்மைதான் என்ற முடிவுக்கு பிராண்ட் இப்படித்தான் வந்து சேர்ந்தார்.

பஸ்ஸர் யோசனையையும் அவரே சோதித்துப் பார்த்துவிட்டார். அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, அழுத்தத்தை அளக்கும் உணரிகளைக் கையுறையில் பொருத்தி, ஆபத்து வந்தால் காதில் ஒலி எழும்படி செய்தார். நோயாளிகள் ஒலியைக் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். உணர்வுள்ள வேறோர் இடத்தில் மின் அதிர்ச்சி தரும்படி மாற்றினார். தொந்தரவு என்று கருவியை அணைத்துவிட்டார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்த முயற்சியைக் கைவிட்டார். காதில் கேட்கும் எச்சரிக்கை யாரோ சொல்லும் புத்திமதியாகத்தான் இருக்கும், விரலில் உறைத்தால்தான் கை விலகும். கட்டுரையாளர் மலிவான மாற்று என்று முன்வைப்பது, பல பத்தாண்டுகளுக்கு முன்பே தோற்றுப்போன ஒன்று.

அடுத்து, மூளையில் மின்சாரம் கொடுத்து உண்டாக்குவது பொய் உணர்வு என்கிறார் கட்டுரையாளர். எந்த உணர்வு மூளையில் உண்டாகவில்லை? தோலிலிருந்து நரம்பு வழியே போவதும் மின்துடிப்புதான். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் 1930களிலேயே, விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் புறணியை மின்முனையால் தொட்டு, விரலுக்கு ஓரிடம், உதட்டுக்கு ஓரிடம் என்று வரைபடமே போட்டுவிட்டார். கை போன பிறகும் அந்த வரைபடம் அழிவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்ட ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் வருடினார். இல்லாத விரல்களைத் தொடுவதாக அவர் சொன்னார். 1990களில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த ஆய்வு இது. மூளையில் முகத்துக்கும் கைக்கும் உரிய இடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அப்படி நடக்கிறது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். இல்லாத கை இரவெல்லாம் வலிக்கிறது என்று சொல்கிறவரிடம் போய், உன் வலி பொய் என்று கட்டுரையாளர் சொல்வாரா?

அந்த வரைபடத்தின் மீதுதான் இன்றைய ஆராய்ச்சி நிற்கிறது. நேதன் கோப்லேண்ட் கார் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவருடைய மூளையில் நுண்ணிய மின்முனைத் தகடுகளைப் பொருத்தினார்கள். அசைவுக்கான பகுதியில் இரண்டு, தொடு உணர்வுக்கான பகுதியில் இரண்டு. இயந்திரக் கையின் விரல் ஒன்றில் பட்டால் உணரி அதை அளந்து மின்துடிப்பாக மூளைக்கு அனுப்பும். அந்த மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. கோப்லேண்டுக்குத் தன் சொந்த விரல் அழுத்தப்படுவதுபோல் தெரிகிறது. 2021இல் வெளியான முடிவு இது: பொருளை எடுத்து இடம் மாற்ற, வெறும் கண்ணை நம்பியபோது ஏறத்தாழ 21 நொடி ஆனது. உணர்வும் சேர்ந்தபோது 10 நொடி. கண் போதும் என்றவருக்கு இந்த ஒரு கணக்கே போதும். சிகாகோ ஆய்வாளர்கள் 2025இல், பல மின்முனைகளைச் சேர்த்து இயக்கிப் பொருளின் விளிம்பையும், தோல்மீது ஒன்று நகரும் திசையையும் உணரச் செய்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நாளைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடாது. இதுவரை உலகில் மிகச் சிலரிடம்தான் சோதித்திருக்கிறார்கள். மண்டை ஓட்டைத் திறக்க வேண்டும், மின்முனைகளில் சில காலப்போக்கில் ஓய்ந்துபோகின்றன. இதைச் சொல்லும் உரிமை கட்டுரையாளருக்கு உண்டு. ஆனால் இங்கே அவர் இரண்டு வேறு வழிகளைக் குழப்புகிறார். தண்டுவடம் அறுந்து, மூளைக்குச் செய்தி போகும் பாதையே அடைபட்டவருக்குத்தான் மூளை வழி. மணிக்கட்டுக்கு மேலே வெட்டுப்பட்டவருக்கு மிச்சக் கையில் நரம்புகள் உயிரோடு இருக்கின்றன. ஐ.ஐ.டி. பம்பாயில் படித்த நிதீஷ் தாக்கோரின் குழு 2018இல் அந்த நரம்புகளைத் தோலின் மேலிருந்தே தூண்டி, செயற்கை விரல் தொடுவது வட்டமானதா கூரானதா என்று உணரச் செய்தது. அதற்கு மூளையைத் திறக்கவே தேவையில்லை. மெஷினில் கை போனவரிடம் மூளையறுவையைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, கொக்கியைக் கையில் திணிப்பது நேர்மையான வாதம் ஆகாது.

கடைசியாக, நம் ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி. 2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் இரண்டு கைகளையும் பொருத்தினார்கள். தனியார் மருத்துவமனைகளில் பல லட்சம் பிடிக்கும் அறுவை அது. ஏழைக்குக் கொக்கி போதும் என்ற கட்டுரையாளரின் நீதியை அந்த மருத்துவர்கள் பின்பற்றியிருந்தால் அந்தத் தொழிலாளி இன்று என்ன நிலையில் இருப்பார்? பொருத்திய கைக்குள் நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து உணர்வு வந்தால்தான் அந்தக் கை அவருடைய கை ஆகும். அதை அறிந்த மருத்துவர்கள் நம் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள்.

கதிரடிக்கும் மெஷின்களுக்குத் தடுப்பு வேண்டும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்ட் ஆலைகளிலும் பாதுகாப்பு வேண்டும், இழப்பீடு காலத்தில் கிடைக்க வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கேட்டிருப்பேன். அந்தக் கோரிக்கைகளில் ஒன்றுகூட அவருடைய கட்டுரையில் இல்லை. கை இழந்த ஒருவரிடம் பேசியதற்கான அடையாளமும் இல்லை. ‘நம் ஆட்களுக்குப் பிடித்தால் போதும்’ என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை அவர் திரும்பப் பெற வேண்டும்.