குடிக்காதவருக்கு ஏன் குறுக்கு விசாரணை?

லண்டன் நகரம். வெள்ளிக்கிழமை மாலை. அலுவலகம் முடிகிறது.

"வாருங்கள், போகலாம்" என்கிறார் மேலதிகாரி. ஐந்து பேர் கிளம்புகிறார்கள். அவர்களில் ஒருவர், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தமிழ் இளைஞர். ஊரை விட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் இடம் தெருமுனையில் இருக்கும் "பப்". அதாவது மதுக்கடை.

உள்ளே ஒரே கூட்டம். ஒரே சிரிப்பு. மேலதிகாரி பணப்பையைத் திறந்துகொண்டே, "உங்களுக்கு என்ன வாங்கட்டும்?" என்று கேட்கிறார்.

"ஆரஞ்சு ஜூஸ் போதும்."

"ஜூஸா! ஏன், உடம்பு சரியில்லையா?"

"நன்றாகத்தான் இருக்கிறேன்."

"அப்படியானால் மதக் கட்டுப்பாடா?"

"அதெல்லாம் இல்லை."

"டாக்டர் வேண்டாம் என்றாரா?"

"இல்லை."

"பிறகு என்ன? ஒரே ஒரு கிளாஸ்! ஒன்றும் ஆகிவிடாது!"

இளைஞரின் முகம் சிவக்கிறது. குடிக்காமலேயே சிவக்கிறது!

பீர் கேட்டவரைப் பார்த்து, "ஏன் பீர்?" என்று யாராவது கேட்டார்களா? இல்லை. விஸ்கி கேட்டவரிடம் யாரும் விளக்கம் கேட்டார்களா? அதுவும் இல்லை. காசு கொடுத்துப் போதையை வாங்குகிறவர் காரணம் சொல்ல வேண்டியது இல்லை. பழச்சாறு கேட்டவர்தான் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும்!

இது என்ன நியாயம்?

போகாமல் இருந்தால் என்ன?

"அந்த இடத்துக்கு நீ ஏனப்பா போகிறாய்? அறைக்குப் போய் ஒரு வாய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று ஊரில் இருக்கும் தாயார் சொல்லுவார்.

தாயார் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் இங்கிலாந்தின் "பப்" வெறும் குடிக்கும் இடம் அல்ல. "பொது வீடு" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்தான் "பப்". நம் ஊர் டீக்கடையையும் ஆலமரத்தடியையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட இடம் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பல "பப்"களில் தாய் தகப்பன் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம். கால்பந்துப் பந்தயத்தைக் கூடிப் பார்ப்பதும் அங்கேதான். சாவு வீட்டுச் சடங்கு முடிந்ததும் உறவினர்கள் போய் உட்காருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அலுவலகத்துச் செய்திகளிலும் பாதி அங்கேதான் வெளியாகும். எந்த வேலை வரப்போகிறது, யார் விலகப் போகிறார், யாருக்கு ஆள் தேவை என்பதெல்லாம் மேஜை மீது கிளாஸ் இருக்கும்போது பேசப்படும். போகாதவருக்குத் திங்கட்கிழமைதான் தெரியும். அதற்குள் செய்தி பழசாகிவிடும்.

ஆக, அந்த இளைஞர் போகத்தான் வேண்டும். ஆனால் குடிக்கக் கூடாது. கம்பி மேல் நடக்கிற வித்தை இது.

"ரவுண்டு" என்னும் வலை

இந்த "பப்"களில் பரிமாறுகிறவர் மேஜைக்கு வந்து கேட்பது வழக்கம் அல்ல. கல்லாப் பக்கம் போக வேண்டும். கேட்டு வாங்கி, அங்கேயே பணம் கொடுத்து, தானே கொண்டு வர வேண்டும்.

ஐந்து பேர் போனால் ஐந்து பேரும் எழுந்து போவது இல்லை. ஒருவர் போய் எல்லாருக்கும் வாங்கி வருவார். அது முடிந்ததும் அடுத்தவர் போவார். பிறகு மூன்றாமவர். இப்படி முறை வைத்து வாங்குவதற்கு "ரவுண்டு" என்று பெயர்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கடன் பாக்கி இல்லை. கணக்குச் சண்டையும் இல்லை. ஆனால் வலை இங்கேதான் இருக்கிறது.

வேகமாகக் குடிப்பவர் கிளாஸ் காலியானதும் அடுத்த "ரவுண்டு" வந்துவிடும். மெதுவாகக் குடிப்பவர் கையில் அரைக் கிளாஸ் இருக்கும். அவர் எதிரே இன்னொரு முழுக் கிளாஸ் வந்து நிற்கும். ஐந்து பேரில் யார் அதிகமாகக் குடிப்பவரோ, அவர் வேகத்துக்கு மற்ற நாலு பேரும் ஓட வேண்டும்!

நடுவில் எழுந்து போகவும் முடியாது. மூன்று முறை மற்றவர் பணத்தில் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது நழுவினால், கஞ்சன் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். ஆகவே உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருந்தால் குடிப்பார்.

கணக்குப் பாருங்கள். அங்கே பீரை "பைண்ட்" என்ற அளவில் ஊற்றுகிறார்கள். ஒரு பைண்ட் 568 மில்லி லிட்டர். ஐந்து பேருக்கு ஐந்து "ரவுண்டு" என்றால், ஒருவர் வயிற்றில் 2 லிட்டர் 840 மில்லி பீர் இறங்கும். 100க்கு 4 பங்கு சாராயச் சத்து உள்ள சாதாரண பீர் என்றாலும், அதில் சுத்தமான சாராயம் 110 மில்லிக்கு மேல் இருக்கும்.

பிரிட்டிஷ் வைத்தியர்கள் 10 மில்லி சாராயத்தை ஒரு "யூனிட்" என்று கணக்கிடுகிறார்கள். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம், அதையும் ஒரே நாளில் குடிக்கக் கூடாது என்று அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரிகள் 2016-ம் ஆண்டில் அறிவித்தார்கள். ஒரே மாலையில் 11 யூனிட் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஒரு யூனிட்டைக் கரைக்க ஈரலுக்குச் சுமார் 1 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு ஆரம்பித்தவரின் ரத்தத்தில், விடியற்காலையிலும் பீர் இருக்கும்.

பழகியவர் நாலாவது கிளாஸில்தான் சத்தமாகச் சிரிக்க ஆரம்பிப்பார். புதியவர் இரண்டாவது கிளாஸிலேயே சுவரைப் பிடித்துக்கொள்வார். அவருக்குத் தன் அளவு தெரியாது. தெரிந்துகொள்ள அவகாசமும் கிடைப்பது இல்லை. அதற்குள் அடுத்த "ரவுண்டு" வந்துவிடுகிறதே!

அரசாங்கமே தடை போட்டது

இந்த வலையைப் பிரிட்டிஷ் அரசாங்கமே ஒரு முறை அறுத்துப் பார்த்தது.

1915-ம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. குண்டு செய்யும் தொழிற்சாலைகளில், குடியினால் வேலை கெடுகிறது என்று புகார் வந்தது. "போர் முடியும் வரை என் அரண்மனையில் மது இல்லை" என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். (மந்திரிகள் எல்லாரும் அவர் வழியில் போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்!)

பிறகு ஒரு வேடிக்கையான உத்தரவு வந்தது. ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கிக் கொடுக்கக் கூடாது! அவரவர் காசில் அவரவர் குடிக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்து விருந்தாளிக்குக் கொடுக்கலாம். மற்றபடி உபசாரம் கூடாது. மீறினால் 100 பவுன் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை. அக்டோபரில் லண்டனிலும் இந்த உத்தரவு அமலுக்கு வந்தது. 1916-ல் சவுத்தாம்ப்டன் நகரில், மனைவிக்கு ஒயின் வாங்கிக் கொடுத்த கணவருக்கே அபராதம் போட்டார்கள்!

சிரிப்பு வருகிறது. ஆனாலும் அந்த அரசாங்கம் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. மனிதன் தாகத்துக்காகக் குடிப்பதைவிட, மரியாதைக்காகக் குடிப்பது அதிகம் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

போருக்குப் பிறகு உத்தரவு போய்விட்டது. "ரவுண்டு" திரும்பி வந்துவிட்டது.

காருக்கு உள்ள மரியாதை

அந்த மேஜையில் எல்லார் வாயையும் அடைக்கும் பதில் ஒன்று உண்டு. "நான் கார் ஓட்ட வேண்டும்." அவ்வளவுதான்! பிறகு ஒரு கேள்வியும் வராது. "பொறுப்பான ஆள்" என்ற பாராட்டுகூடக் கிடைக்கும்.

"எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் பத்துக் கேள்வி. "கார் இருக்கிறது" என்று சொன்னால் ஒரு கேள்வியும் இல்லை. காருக்கு உள்ள மரியாதை மனிதனின் விருப்பத்துக்கு இல்லை!

அதனால் பலர் பொய் சொல்லுகிறார்கள். மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லுகிறார்கள். சிலர் டானிக் தண்ணீரில் ஓர் எலுமிச்சைத் துண்டைப் போட்டு, "ஜின்" குடிப்பதுபோல் கையில் வைத்துக்கொள்கிறார்கள். நல்லவனாக இருப்பதற்கு வேஷம் போட வேண்டிய காலம்!

இது தமிழ் இளைஞருக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. அந்த மேஜையில் ஒரு பெண் இருக்கலாம். அவர் கர்ப்பமாகி ஆறு வாரம் ஆகியிருக்கலாம். வீட்டில்கூட இன்னும் சொல்லியிருக்க மாட்டார். "ஏன் இன்றைக்குக் குடிக்கவில்லை?" என்று நாலு பேர் எதிரில் கேட்டால் அவர் என்ன செய்வார்?

இன்னொருவர் இருக்கலாம். குடியால் வேலை போய், மனைவி மக்கள் பிரிந்து, படாத பாடு பட்டு அதை விட்டவர். மீண்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அவரைப் பார்த்து, "ஒரே ஒரு கிளாஸ், ஒன்றும் ஆகாது" என்று கையில் திணிப்பவர், சிநேகிதத்தினால்தான் திணிக்கிறார். கிணற்றின் விளிம்பில் நிற்பவரின் முதுகில் தட்டுவதும் சிநேகிதம்தானா?

குடிக்காமல் இருப்பது இங்கிலாந்துக்குப் புதுமையும் அல்ல. 1832 செப்டம்பர் 1-ந் தேதி, பிரஸ்டன் என்ற ஊரில், பாலாடைக்கட்டி வியாபாரி ஜோசப் லைவ்சே என்பவரும் வேறு ஆறு பேரும், மதுவைத் தொடுவதே இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். அதிலிருந்து பெரிய இயக்கமே வளர்ந்தது. "வேண்டாம்" என்று சொல்லும் நம் இளைஞர் அந்த நாட்டு வழக்கத்தை அவமதிக்கவில்லை. அந்த நாட்டின் இன்னொரு வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறார்.

காந்திஜி உட்கார்ந்த மேஜை

1888-ம் ஆண்டில், 18 வயதில், மோகன்தாஸ் காந்தி பாரிஸ்டர் படிக்க லண்டனுக்குப் போனார். மது, மாமிசம், பெண் மூன்றையும் தொடுவது இல்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் படிப்பில் ஒரு விசித்திரம். பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. சட்டச் சங்கத்தின் விருந்துகளுக்கும் போய் உட்கார வேண்டும். போகாவிட்டால் பாரிஸ்டர் பட்டம் கிடைக்காது. (பாரிஸ்டரில் உள்ள "பார்" வேறு. மதுக்கடை "பார்" வேறு!)

விருந்தில் நாலு பேருக்கு ஒரு மேஜை. மேஜைக்கு இரண்டு பாட்டில் ஒயின். காந்திஜி தொட மாட்டார். ஆகவே அவரோடு உட்காருகிற மூன்று பேருக்கு அந்த இரண்டு பாட்டிலும் சொந்தம்! அதனால் அவரைத் தங்கள் மேஜைக்கு இழுக்கப் போட்டி நடந்தது. "ஷாம்பேன்" கொடுக்கிற விசேஷ விருந்து நாளில், அவசியம் வர வேண்டும் என்று அவரைத் தனியாக அழைத்தார்களாம். சுயசரிதையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

காந்திஜி அங்கே பிரசங்கம் செய்யவில்லை. மற்றவர் கிளாஸை எண்ணவும் இல்லை. தாம் குடிக்கவில்லை, அவ்வளவுதான். குடிக்காத சிலரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "இது உங்களுக்கு மூன்றாவது அல்லவா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கணக்குச் சொல்லுவார்கள். தம்மை யாரும் விசாரிக்கக் கூடாது என்பவர், பிறரையும் விசாரிக்காமல் இருக்க வேண்டாமா?

இங்கிலாந்தின் சட்டம் இன்று குடிக்காதவருக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. 2010-ம் ஆண்டு முதல், மதுக்கடையில் குடிதண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும். இத்தனை நிமிஷத்துக்குள் இவ்வளவு குடிக்க வேண்டும் என்று கடைக்காரர் போட்டி வைக்கக் கூடாது. பைண்ட் பெரிது என்றால் அரைப் பைண்ட் கேட்கலாம், கொடுத்தாக வேண்டும். குடித்துத்தான் பார்ப்பேன் என்கிற புதியவருக்கு அந்த அரைப் பைண்டே அதிகம். அதுவும் வெறும் வயிற்றில் கூடாது.

போதை இல்லாத பீரும் இப்போது வருகிறது. ஆனால் அதில் பல பாட்டில்களில் 100க்கு அரைப் பங்கு வரை சாராயம் இருக்கும். விரதக்காரர்கள் பாட்டிலில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

நம் இளைஞர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாரும் கேட்பதற்கு முன்பே, "முதல் ரவுண்டு என்னுடையது" என்று எழுந்துவிட வேண்டும். நாலு பேருக்கு அவரவர் கேட்டதை வாங்கட்டும். தமக்கு எலுமிச்சை சோடா வாங்கிக்கொள்ளட்டும். கணக்கும் தீர்ந்தது. கஞ்சன் என்ற பேச்சுக்கும் இடம் இல்லை. இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே யாருக்கும் கண் தெளிவாக இருப்பதும் இல்லை!

மேலதிகாரி செய்யக்கூடியது அதைவிடச் சுலபம். அந்தக் கடைகளில், வழக்கமாக வருகிறவர் என்ன கேட்பார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்து வைத்திருப்பது அங்கே ஒரு மரியாதை. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவர் பணப்பையைத் திறந்துகொண்டே, "உங்களுக்கு வழக்கம்போல எலுமிச்சை சோடாதானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கல்லாவைப் பார்த்து நடந்தால் போதும்.