மதுரைக்கு எந்த வண்டி?

உங்கள் பெண் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். ஆங்கிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறாள். 'கோ, வென்ட், கான்' என்று கடகடவென ஒப்பிக்கிறாள். கேட்டுக் கொண்டிருக்கும் பாட்டிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

மாடி வீட்டுக்கு டில்லியிலிருந்து ஒரு குடும்பம் குடி வருகிறது. அந்த வீட்டிலும் இவள் வயதில் ஒரு பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு இந்தி தெரியாது. "வா, விளையாடலாம்" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டால் தீர்ந்தது. நம் தொண்ணூறு மார்க் என்ன செய்கிறது? மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக் கொண்டு நிற்கிறது. போதாக்குறைக்கு, "பேசேன்டி!" என்று பின்னாலிருந்து அம்மா முதுகில் ஒரு குத்து வேறு!

மறுநாளே அம்மா பக்கத்துத் தெரு 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்பில் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறாள். அங்கேயும் வினைச்சொல் பட்டியல்தான். கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுக்கிறார் அப்பா. கோடிட்ட இடத்தை நிரப்பினால் அது 'டிங்' என்று மணி அடிக்கிறது. பெண் நிரப்புகிறாள், மணியும் அடிக்கிறது. மாடிப்படியில் மட்டும் மௌனம் கலையவில்லை.

அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை, சகோதரிகளே. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால், முதல் நாள் இரவே நாலு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி வைத்துக் கொண்டு போய், டீச்சர் முகத்தைப் பார்த்ததும் "எஸ் மிஸ், ஓகே மிஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! பட்டம் வாங்கியவர்களும் இதில் சேர்த்திதான். நாவில் சொல் இல்லாமல் இல்லை. தப்பாகிவிடுமோ என்ற பயம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வீட்டுச் சாவியோடு அந்தப் பயத்தையும் நாம் குழந்தைகளிடம் கொடுத்து விடுகிறோம்.

இந்த மௌனம் இன்று நேற்று வந்ததல்ல. இதைக் கலைப்பதற்கு நம் சென்னையிலேயே இரண்டு பெரிய முயற்சிகள் நடந்திருக்கின்றன.

முதல் முயற்சி 1959-ஐ ஒட்டி ஆரம்பித்தது. அன்றைய சென்னை ராஜ்யத்தில் ஆரம்ப நிலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய பயிற்சி அளிக்கத் திட்டம் போட்டார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் போய் இன்னும் பலருக்கு. அந்தப் பலர் போய் இன்னும் பல பேருக்கு. உருள உருளப் பெருக்கிற பனிப்பந்து மாதிரி என்பதால் 'மதராஸ் பனிப்பந்து' என்றே அதற்குப் பெயர் நிலைத்து விட்டது. கடையில் வாங்கிய ஐஸ் வீடு வந்து சேருவதற்குள் தண்ணீராகிற ஊரில் பனிப்பந்து! பெயர் வைத்தவர் வெயில் காலத்தில் இங்கே வந்ததில்லை போலும். பந்து பெருத்ததே தவிர, கை மாறக் கை மாறச் சரக்கு கரைந்து போயிற்று என்று பின்னால் குறை சொன்னவர்களும் உண்டு.

அந்தச் சரக்குத்தான் என்ன? வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து மனத்தில் பதிப்பது. ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "திஸ் இஸ் எ புக்" என்பார். வகுப்பே கோரஸாக "திஸ் இஸ் எ புக்" என்னும். அது புத்தகம்தான் என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எல்லாரும் எல்லாரிடமும் சொன்னால் அதற்குப் பேச்சு என்றா பெயர்?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக் கொண்டவர் என். எஸ். பிரபு. அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வியைக் கவனித்து வந்தவர். 1979 முதல் 1984 வரை ஐந்து வருஷம், பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். வகுப்பில் இலக்கணப் பாடம் கிடையாது. வாக்கியத்தை உருப்போடுவது கிடையாது. பிறகு என்னதான் உண்டு? ஒரு வரைபடம், ஒரு வகுப்பு அட்டவணை, ஒரு ரெயில் கால அட்டவணை, ஆளுக்கொரு புதிர். கருவி என்று பார்த்தால் கரும்பலகையும் சாக்குக் கட்டியும்தான்.

ரெயில் அட்டவணையில் என்ன ஆங்கிலம் இருக்கிறது என்கிறீர்களா? நாமே ஒன்று செய்து பார்ப்போம். சென்னையிலிருக்கும் மாமாவுக்கு மாலை ஐந்து மணி வரை ஆபீஸ். மறுநாள் காலை எட்டு மணிக்கு மதுரையில் கல்யாணத்தில் இருக்க வேண்டும். வைகை எக்ஸ்பிரஸ் பிற்பகலில் கிளம்புகிறது, பாண்டியன் இரவில். எதில் போவார்? கேள்வி ஆங்கிலத்தில், அட்டவணையும் ஆங்கிலத்தில். ஆனால் குழந்தையின் மூளை ஆங்கிலத்தை நினைக்கவே இல்லை; மாமா தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேருவாரா மாட்டாரா என்று தவிக்கிறது. "வைகை நோ! அங்கிள் ஆபீஸ்!" என்று கத்துகிறது. போதும். இதுதான் பேச்சு.

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, அந்த ரகசியம்தான் இது. கண் நிலாவில் இருக்கும்போது கவளம் தானாக உள்ளே இறங்குகிறது. "வாயைத் திற, மெல்லு, விழுங்கு" என்று சட்டம் பேசினால் குழந்தை உதட்டை இறுக்கிக் கொள்ளும்.

பிரபுவின் முறையில் இரண்டு படிகள். முதலில் ஆசிரியர் ஒரு புதிரை எடுத்து வகுப்பு முழுவதோடும் பேசிப் பேசி விடுவிப்பார். பிறகு அதே போல் இன்னொன்றை ஒவ்வொரு குழந்தையும் தனியாகச் செய்யும். விடை சரியா என்பதற்குத்தான் மார்க். வாக்கியம் அழகாக இருந்ததா என்பதற்கு அல்ல. ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாலும் ஆட்சேபம் இல்லை. இன்றைக்கு எங்கே பார்த்தாலும் 'குழுவாக உட்கார்ந்து பேசுங்கள்' என்கிறார்களே, அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அரைகுறை ஆங்கிலம் அரைகுறை ஆங்கிலத்தோடு பேசினால் அரைகுறையே கெட்டிப்படும் என்று பயந்தார். இதில் நான் அவர் கட்சி இல்லை. நாற்பது ஐம்பது குழந்தைகள் உள்ள வகுப்பில், ஒரு நாளில் ஒரு குழந்தை வாய் திறக்க எத்தனை விநாடி கிடைக்கும்? இரண்டிரண்டு பேராகவாவது பேசட்டுமே.

பலன் எப்படி? 1984-ல் வெளியிலிருந்து வந்து சோதித்துப் பார்த்தார்கள். இலக்கணத் தேர்வுக்குப் பழைய முறைக் குழந்தைகளும், காரியத்தை முடிக்கிற தேர்வுக்குப் புதிய முறைக் குழந்தைகளும் பொருத்தமாக இருந்தார்கள். இரண்டுக்கும் பொதுவான தேர்வுகளில் பெரும்பாலும் புதிய முறையே முந்தியது. சோதித்த விதம் சரியில்லை என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பண்டிதர்கள் சண்டை, நமக்கு வேண்டாம். பிரபு 1987-ல் இதைப் புத்தகமாக எழுதினார். 'பணி வழிக் கற்பித்தல்' என்று இன்று எந்த நாட்டில் யார் பேசினாலும், பெங்களூரையும் சென்னையையும் குறிப்பிடாமல் ஆரம்பிப்பதில்லை. நமக்குத்தான் சமாசாரம் தெரியாது. கொல்லைப் பச்சிலைக்கு மருந்து மணம் இல்லை போலிருக்கிறது!

சரி, இணையத்தில் கொட்டிக் கிடக்கிறதே, அதெல்லாம் உதவாதா? உதவும், பொறுக்கத் தெரிந்தால். நான் வைத்திருக்கும் சல்லடை ஒன்றே ஒன்றுதான். குழந்தை உண்மையிலேயே தெரிந்து கொள்ள ஆசைப்படும் ஏதாவது அதில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள். கோடிட்ட இடம் மட்டும் இருந்தால், அது பழைய கோரஸ்தான். மணி அடிக்கிறது என்பது ஒன்றே வித்தியாசம்.

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இந்தச் சல்லடையில் நிற்கும். படக்கதைகள் ஏராளம், காசு கிடையாது. பல கதைகள் தமிழிலும் இருக்கின்றன, ஆங்கிலத்திலும் இருக்கின்றன. முதலில் தமிழில் பாதிக் கதையைப் படித்துவிட்டு, சுவாரசியமான இடத்தில் நிறுத்துங்கள். மீதி ஆங்கிலத்தில்! தொடர்கதைக்கு வாராவாரம் காத்திருக்கிற உங்களுக்கு இந்தத் தந்திரத்தை நான் விளக்க வேண்டுமா என்ன? குழந்தை தெரியாத சொல்லைத் தாண்டிக் குதித்து, படத்தைப் பார்த்து ஊகித்து, எப்படியாவது கதையின் முடிவுக்குப் போய்ச் சேரும்.

பி.பி.சி. 1943-லிருந்தே வானொலியில் ஆங்கிலப் பாடம் நடத்தி வந்திருக்கிறது. இப்போது இணையத்தில் ஆறு நிமிஷ நிகழ்ச்சியாகவே கேட்கலாம். இது குழந்தைக்கு அல்ல, உங்களுக்கு; காய் நறுக்குகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். சிறுவர்களுக்கான பாட்டும் விளையாட்டும் பிரிட்டிஷ் கவுன்சில் வைத்திருக்கிறது. ஒரு சொல்லை எப்படி உச்சரிப்பது என்று சந்தேகம் வந்தால், ஒலியோடு கூடிய கேம்பிரிட்ஜ் அகராதி இருக்கிறது. குழந்தையும் நீங்களுமாகச் சேர்ந்து கேளுங்கள். "அம்மாவுக்கும் தெரியாது, பார்!" என்பதில் குழந்தைக்கு ஒரு தைரியம்.

இப்போது கணினியோடு ஆங்கிலத்தில் பேசவே செய்யலாம். அது சிரிக்காது, முகம் சுளிக்காது, நூறு தடவை கேட்டாலும் அலுக்காது. கூச்சமுள்ளவர்களுக்கு நல்ல ஒத்திகைதான். ஆனால் குழந்தையைத் தனியாக அதனிடம் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டுப் பாடத்தை அதுவே எழுதிக் கொடுத்துவிடும். தப்பான விஷயத்தையும் தங்கு தடையில்லாமல் சொல்லும்.

"எனக்கே ஆங்கிலம் வராதே, நான் எப்படி?" என்று தயங்குகிறீர்களா? உங்களுக்கு வர வேண்டிய வித்தை ஒன்றுதான்: தப்பைத் திருத்தாமல் திருத்துவது. "ஹி கோ டு மதுரை" என்கிறாள் பெண். "கோ இல்லை, கோஸ்! எத்தனை தரம் சொல்வது?" என்றால் மாமா நடுவழியிலேயே இறங்கி விடுவார். "ஓ, ஹி கோஸ் டு மதுரை? விச் ட்ரெயின்?" என்று கேளுங்கள். சரியான சொல்லும் காதில் விழுந்தது, பயணமும் நிற்கவில்லை. நடுவே தமிழ் வந்தால் வரட்டும். வீட்டில் தமிழுக்கு யாரும் அபராதம் போட வேண்டாம்.

சின்னக் குழந்தையாக இருந்தால் பேசவே வைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1960-களில் சொன்ன வழி: ஆசிரியர் சொல்ல வேண்டும், மாணவர் எழுந்து செய்ய வேண்டும், அவ்வளவே. இதற்குச் சமையலறையை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. "ஓபன் தி ஃபிரிஜ். பிரிங் டூ டொமேட்டோஸ்." மூன்று தக்காளி வந்தால் இருவரும் சிரியுங்கள். பத்து நாள் கழித்து அதிகாரம் கை மாறட்டும். குழந்தை உத்தரவு போட, நீங்கள் ஓட வேண்டும். வாய் திறக்காத குழந்தையும் அம்மாவை விரட்டுவதற்காக வாய் திறக்கும்.

அக்கா தங்கையாக இருவர் இருந்தால் கோலம். ஒருத்தி கையில் நாலு புள்ளிக் கோலம் வரைந்த தாள், இன்னொருத்தி கையில் வெறும் தாள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. முதல் வரிசையில் எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு, இடமா வலமா, நேரா வளைவா, எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லியே வரைய வைக்க வேண்டும். கடைசியில் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வந்திருப்பது கோலமா அலங்கோலமா என்பதில் யார் சொன்னது தப்பு, யார் கேட்டது தப்பு என்று ஒரு சண்டை வரும். அந்தச் சண்டையும் ஆங்கிலத்தில் நடந்தால், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டிய பணத்தை நினைத்து வயிறு எரிய வேண்டியிராது.

நேயர்களில் ஆசிரியைகள் பலர் இருப்பதால் வகுப்புக்கு ஒன்று. ஐந்தாறு வரி எழுதிய தாளைச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரியட்டும். ஒருவர் ஓடிப் போய்ப் படித்து, நினைவில் பிடித்துக் கொண்டு திரும்பி வந்து சொல்ல வேண்டும். மற்றவர் உட்கார்ந்து எழுத வேண்டும். மறந்துவிட்டால் மறுபடி ஓட்டம். பாதி வரி ஆனதும் ஆளை மாற்றுங்கள். படிப்பது, பேசுவது, கேட்பது, எழுதுவது நாலும் இதில் வந்து விடுகிறது. அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது உத்தமம். சத்தம் பலமாக இருக்கும். பிறந்த நாளுக்கு வந்த குழந்தைகளைக் கொண்டு வீட்டிலும் இதை நடத்தலாம். தாளைச் சமையலறைக் கதவில் மட்டும் ஒட்டாதீர்கள். ஓடுகிற வேகத்தில் பாயசம் கவிழும்.