விளக்கம் கேட்காத மெமோ

தமிழ்நாட்டு அரசு அலுவலகம் ஒன்றில் ஒரு கிளர்க் அடிக்கடி தாமதமாக வருகிறார் என்று வையுங்கள். என்ன நடக்கும்? முதலில் ஒரு மெமோ வரும், விளக்கம் கேட்டு. விளக்கம் சரியில்லை என்றால் "17 ஏ". அதிலும் அவர் பதில் எழுத வாய்ப்பு கொடுத்த பிறகுதான் கண்டனமோ இன்கிரிமென்ட் வெட்டோ. வேலையே போகிற அளவு குற்றம் என்றால் "17 பி". குற்றச்சாட்டை எழுத்தில் தரவேண்டும், விசாரணை அதிகாரி வேண்டும், சாட்சி, குறுக்கு விசாரணை என்று அது வருஷக்கணக்கில் இழுக்கும். (அந்த இழுவை ஒரு தனிக் கொடுமை. அது இன்னொரு நாளைக்கு.) அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுக்காமல் அரசு ஊழியரை டிஸ்மிஸ் செய்யக்கூடாது.

பத்து நிமிட தாமதத்துக்கே விளக்கம் கேட்கிற இதே அரசாங்கம்தான், 2003 ஜூலையில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை விசாரணையே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது!

ஓய்வூதியப் பலன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2 அன்று ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசிடம் 2002இல் கொண்டுவந்த 'டெஸ்மா' சட்டம் தயாராக இருந்தது. அது போதாதென்று ஒரு அவசரச் சட்டமும் வந்தது. சில நாட்களுக்குள் வேலை நீக்க உத்தரவுகள் பறந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிளர்க்குகளும் கடைநிலை ஊழியர்களும்தான்.

அன்றைக்கு ஊரில் பலருக்கு இது சந்தோஷமாகவே இருந்தது. "நல்லா வேணும் இவனுங்களுக்கு" என்ற பேச்சை டீக்கடையிலும் பஸ்ஸிலும் கேட்க முடிந்தது. ஆச்சரியமில்லை. சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் நாலு தடவை நடந்து, கடைசியில் கையில் ஏதாவது வைத்தபின் காரியம் முடிந்தவர்களுக்கு அந்தக் கோபம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு விஷயம் காணாமல் போனது. லஞ்சம் வாங்கியதற்காக அந்த 1.7 லட்சம் பேர் நீக்கப்படவில்லை. லஞ்சமே வாங்காதவரும் அதே பட்டியலில்தான். வாங்கிக்கொண்டு அன்று ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் பத்திரமாக இருந்தார்.

அந்த வாரம் வேலைக்கு வராத எல்லோருமே ஸ்டிரைக் செய்தவர்களா? காய்ச்சலில் படுத்திருந்தவர், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கூட இருந்தவர், சங்கத்துக்காரர்களுக்குப் பயந்து வராதவர் என்று லட்சக்கணக்கானவர்களுக்குள் எத்தனையோ விதம் இருக்கும். வருகைப் பதிவேட்டில் எல்லாமே ஒரே காலி இடம்தான். அந்தக் காலி இடத்துக்கு அர்த்தம் என்ன என்று கேட்பதற்குப் பெயர்தான் விசாரணை. அது ஊழியருக்குக் காட்டும் சலுகை இல்லை.

"இத்தனை பேரை எப்படி விசாரிப்பது, நடக்கிற காரியமா?" என்பார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 14,000 மணி நேரத்துக்கு மேல் ஆகும், உண்மைதான். ஆனால் கோட்டையில் ஒரே ஒருவர் உட்கார்ந்து 1.7 லட்சம் பேரையும் கேட்க வேண்டியதில்லையே! ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு மேலதிகாரி இருக்கிறார். அவர் தன் கீழே உள்ள பத்து இருபது பேருக்கு மெமோ கொடுத்தால் முடிந்தது. மெமோ கொடுப்பது அரசாங்கத்துக்குப் புதிதா என்ன? விசாரணை நடத்துவது நடைமுறையில் முடியாது என்றால் 311ஆவது பிரிவே விலக்கும் தருகிறது. துளசிராம் பட்டேல் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றமும் அந்த விலக்கை ஏற்றது. ஆனால் ஏன் முடியாது என்ற காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

கோர்ட்டுக்குப் போனவர்கள் பட்ட பாடு இன்னொரு கதை. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி இடைக்கால நிவாரணம் கொடுத்தார். டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்து, முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது. இத்தனை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் போய் நின்றால் தீர்ப்பாயத்தால் நீதி வழங்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே பிறகு சொன்னது. அங்கே அரசு இறங்கி வந்தது: கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் தவிர மற்றவர்களைத் திரும்ப எடுக்கிறோம், ஆனால் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் வேண்டும். அதாவது, தப்பாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டவரும் செய்யாத ஸ்டிரைக்குக்கு மன்னிப்புக் கேட்டால்தான் சம்பளம்! ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் செய்ய அடிப்படை உரிமையே இல்லை என்றது. இன்றுவரை அந்த வழக்கு என்றாலே அந்த வரியைத்தான் பேசுகிறார்கள். விசாரிக்காமல் நீக்கியது சரியா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

அதற்கு முந்தைய வருடமே ஒரு முன்னோட்டம் நடந்தது. 1997இல் சேர்க்கப்பட்ட சாலைப் பணியாளர்கள் ஏறத்தாழ 10,000 பேர் 2002 செப்டம்பரில் நீக்கப்பட்டார்கள். திரும்ப எடுக்கப்பட்டது 2006 பிப்ரவரியில். நடுவில் 41 மாதங்கள். ரோட்டோரம் பள்ளம் அடைத்தவர்கள் அவர்கள், அவர்களுக்காகப் பத்திரிகைகள் அவ்வளவாகத் தலைப்புச் செய்தி போடவில்லை.

2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சி அணி தோற்றது. அதே மே மாதம் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் எல்லாம் ஒரே அறிவிப்பில் வாபஸ் ஆயின. நீக்கும்போது யாரையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. வாபஸ் வாங்கும்போதும் பார்க்கவில்லை.